வருடம் பூராவும் மாலை போட்டவர்

என் புருஷனை வருடத்தில் பாதி நாள் 'சாமி' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். கேலிக்கு இல்லை. மாலை போட்டிருக்கிற ஆம்பளையைப் பெற்ற தாயானாலும் கட்டிய மனைவியானாலும் சாமி என்றுதான் சொல்ல வேண்டும். சாமி, சாப்பிட வாங்க. சாமி, தோட்டத்துக்கு ஆள் வந்திருக்கு. சாமி, கரண்டு வந்துருச்சு, மோட்டார் போடப் போகலையா. சொல்லிச் சொல்லி நாக்குப் பழகி, மாலை இல்லாத நாளிலும் ஒருதரம் வாய் தவறிச் சாமி என்றேன். அவரும் இயல்பாகத் திரும்பிப் பார்த்தார். அன்றைக்குத்தான் எனக்குச் சுருக்கென்றது.

எங்கள் ஊர் உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில், ரோட்டை ஒட்டி இருக்கிறது. கார்த்திகை பிறந்தால் குமுளிக்குப் போகிற வண்டிகளில் ராத்திரி பகல் சரண கோஷம்தான். ஊரில் நாற்பது ஐம்பது பேர் மாலை போடுவார்கள். தை பிறந்ததும் கழற்றிவிட்டுக் கறிக்கடைக்குப் போவார்கள். என் வீட்டுக்காரர் அப்படி இல்லை. ஐயப்பனுக்குப் போட்ட மாலையைக் கழற்றிய சூட்டோடு பழனிக்கு நடக்க வேறு மாலை போடுவார். சித்திரையில் வீரபாண்டிக்கு அக்னிச்சட்டி. ஆடியில் குச்சனூர் சனிக்கிழமை. புரட்டாசியில் பெருமாள். அது முடிந்து மூச்சு விடுவதற்குள் மறுபடி ஐப்பசி கழிந்து கார்த்திகை வந்துவிடும். இடையில் தப்பித் தவறி நாலு நாள் கிடைத்தால், வெள்ளி செவ்வாய் சுத்தம் என்பார்.

ஊரே மெச்சியது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு பக்தியா என்று என் நாத்தனார் போகிற இடமெல்லாம் தன் அண்ணன் பெருமையைப் பாடினாள். அவளைக் கட்டிக்கொடுத்தது அடுத்த தெருவில்தான். அதனால் பாட்டு எங்கள் வீட்டுக்கும் கேட்கும். முதல் இரண்டு வருடம் நானும் நம்பினேன். மூன்றாவது வருடம் சுவரில் தொங்கிய காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன். விரதம் இல்லாத நாட்களை விரல் விட்டு எண்ணினேன். மனுஷன் சாமிக்காக விரதம் இருக்கவில்லை, எனக்காக இருக்கிறார் என்று புரிந்தது. என்னிடமிருந்து தப்பிக்க இருக்கிறார்.

இதைப் படிப்பவர்கள் சாமியைக் குறை சொல்கிறேன் என்று சண்டைக்கு வர வேண்டாம். ஐயப்பன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்துகொண்டால் அவர் என்ன செய்வார்?

கல்யாணமான புதிதில் நாங்கள் நன்றாக இருந்தோம். நன்றாக என்றால் எல்லா விதத்திலும் நன்றாக. ஒன்றரை ஏக்கர் பன்னீர்த் திராட்சை. அவரே மண்வெட்டி பிடிப்பார், அவரே கவாத்து வெட்டுவார், அவரே மருந்தடிப்பார். மதியம் நான் சோறு கொண்டுபோவேன். பந்தலுக்கு அடியில் வெயிலே தெரியாது. மோட்டார் ரூமில் தண்ணீர் விழுகிற சத்தத்தில் வெளியே யார் வந்தாலும் எங்களுக்குக் கேட்காது, எங்களையும் யாருக்கும் கேட்காது. சோற்று வாளியைத் திருப்பிக் கொண்டுவர எனக்குச் சாயங்காலம் ஆகிவிடும். ஆசை என்பது ஆம்பளைக்கு மட்டும் வருகிற காய்ச்சல் என்று நினைப்பவர்களுக்கு நான் ஒன்றும் சொல்ல முடியாது. எனக்கும் வந்தது. அதில் வெட்கப்பட இன்றைக்கும் ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

மகள் பிறந்து நாலைந்து வருடம் கழித்து அவர் அடுத்தவர் தோட்டத்துத் திராட்சையையும் பேசி வாங்கி லாரி ஏற்றி அனுப்ப ஆரம்பித்தார். உடம்பை வளைக்கிற வேலை போய், உட்கார்ந்து போன் பேசுகிற வேலை வந்தது. கழுத்து தடித்தது. பழைய சட்டையில் மேல் பொத்தான் மாட்டவில்லை. அப்போதுதான் குறட்டை ஆரம்பித்தது. முதலில் சின்னதாக. அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர்கள் 'மாவு மில்' என்று பேர் வைக்கிற அளவுக்கு.

குறட்டை விட்டால் நல்ல தூக்கம் என்றுதான் எங்கள் ஊரில் எல்லோரும் நினைத்திருந்தோம். கொடுத்து வைத்தவன், படுத்ததும் தூங்கிவிடுகிறான் என்று பொறாமைப்பட்டவர்கள்கூட உண்டு. பக்கத்தில் படுத்திருந்த எனக்குத்தான் தெரியும், அந்த மில் திடீரென்று நின்றுபோகும். சத்தமும் இருக்காது, மூச்சும் இருக்காது. நெஞ்சு மட்டும் ஏறி இறங்கப் பார்க்கும், காற்று போகாது. நான் எழுந்து உட்கார்ந்து எண்ணுவேன். பத்து. பதினைந்து. ஒருதரம் முப்பதைத் தாண்டிவிட்டது, தோளைப் பிடித்து உலுக்கினேன். கிணற்றில் முங்கியவன் மேலே வருவதுபோல 'ஹக்' என்று ஒரு சத்தத்தோடு மூச்சு திரும்பும். புரண்டு படுத்து மறுபடி ஆரம்பிப்பார். காலையில் கேட்டால் நன்றாகத் தூங்கினேன் என்பார். பத்து மணிக்கு நாற்காலியில் தலை தொங்கிவிடும்.

மற்றதும் அந்தக் காலத்தில்தான் போனது. ஒரு நாள் முடியவில்லை. அதனால் என்ன, அலுப்பாக இருக்கும் என்றேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். இரண்டாவது தடவை நான் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது தடவை அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். என்மேல் கோபமா, தன்மேல் கோபமா என்று தெரியவில்லை. அதற்கப்புறம் முயற்சி செய்வதையே விட்டுவிட்டார். கை தவறிக்கூட மேலே படாது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவார். அந்த வருடம் கார்த்திகை ஒன்றாம் தேதி முதல் மாலையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றபோது, அவர் முகத்தில் அத்தனை நிம்மதி.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இரண்டாவது பிள்ளை எப்போது என்று கேள்வி வந்தபோது அது என்னைத்தான் கேட்டது. மகளுக்கு எட்டு வயதாகிறது, ஒற்றையாக நிற்கிறது, உனக்கு என்ன கோளாறு என்று நாத்தனார் கேட்டாள். கேட்டதோடு நிற்கவில்லை. மார்க்கையன்கோட்டையில் ஒரு வீட்டில் கர்ப்பப்பைக்கு மருந்து அரைத்துக் கொடுக்கிறார்கள் என்று கூட்டிப்போனாள். நாற்பத்தெட்டு நாள் அந்தக் கசப்பை வெறும் வயிற்றில் குடித்தேன். அப்புறம் பெரியகுளத்தில் ஒரு லேடி டாக்டர். எல்லாம் பார்த்துவிட்டு உனக்கு ஒரு குறையும் இல்லையே என்றார்கள். குறை இல்லை என்று எனக்குத் தெரியாதா? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்று வாய் வரைக்கும் வந்தது. முழுங்கிவிட்டேன். ஊர் முன்னால் அவர் தலை குனியக்கூடாது என்று நினைத்தேன். அந்தக் கஷாயத்தைவிட அதுதான் அதிகம் கசந்தது.

அவருக்கும் கவலை இல்லாமல் இல்லை. ஒரு நாள் மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பின்னால் துணி சுற்றிய ஒரு டப்பா கிடைத்தது. கறுப்பாக லேகியம். தேனியில் லாட்ஜில் மாதம் ஒருதரம் வந்து உட்காருகிற ஒரு வைத்தியர் கொடுத்தது என்று டப்பாவிலேயே ஒட்டியிருந்தது. பாலில் கலந்து சாப்பிட வேண்டுமாம். நெய்யும் வெல்லமுமாக அதைத் தின்று மனுஷன் இன்னும் இரண்டு சுற்றுப் பெருத்ததுதான் மிச்சம். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அந்த ரூமிலேயே உட்கார்ந்து அழுதேன். எந்த ரூமில் என்று சொல்லிவிட்டேன் அல்லவா. டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஏழாவது வருடம் மாலை போட்டிருந்தபோது அது நடந்தது. கார்த்திகை பாதி. உத்தமபாளையத்தில் தோட்டத்துக்கு மருந்து வாங்கிக்கொண்டு மொபெட்டில் திரும்பிக்கொண்டிருந்தவர், காலை பத்து மணி வெயிலில், வளைவே இல்லாத ரோட்டில், நேராக வாய்க்காலுக்குள் போய்விட்டார். முல்லையாற்றுத் தண்ணீர் இடுப்பளவு ஓடியது. நாற்று நடப் போன பெண்கள்தான் தூக்கிக் கரையேற்றினார்கள். நெற்றியில் காயம். கண் பாதி மூடியபடி, என்ன கேட்டாலும் உளறினாராம். மாலை போட்ட சாமி காலையிலேயே தண்ணி போட்டுவிட்டு வாய்க்காலில் கிடக்கிறது என்று அவர் வீடு வந்து சேருவதற்கு முன்பே செய்தி வந்து சேர்ந்தது.

எங்கள் ஊரில் ஒருவன் குடிப்பது செய்தி இல்லை. மாலை போட்டுக்கொண்டு குடிப்பது பெரிய குற்றம். சாயங்காலம் பஜனை மடத்துக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. மாலையைக் கழற்ற வேண்டும், இனிமேல் இந்தக் கூட்டத்தோடு இருமுடி கட்டக்கூடாது என்று முடிவு செய்திருந்தார்கள். நாத்தனார் என் வாசலில் வந்து, குடும்ப மானத்தை வாங்கிட்டாகளே என்று அழுதாள். அவர் நெற்றிக் கட்டோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். நான் குடிக்கலைன்னு நீயாவது நம்புறியா என்று கேட்டார். ஏழு வருடத்தில் என் கண்ணைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி அது.

அவரோடு நானும் மடத்துக்குப் போனேன். அந்த மாதிரிப் பேச்சுக்குப் பெண்கள் போகிற வழக்கம் இல்லை. போகக்கூடாது என்று யாரும் எழுதியும் வைக்கவில்லை. எங்கள் ஊர்க் கூட்டத்தை மலைக்குக் கூட்டிப்போகிற குருசாமி நடுவில் உட்கார்ந்திருந்தார். எழுபது வயது இருக்கும், முப்பது வருடம் லாரி ஓட்டியவர். சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர். இவர் குடிக்கவில்லை, தூங்கிவிட்டார் என்று நான் சொன்னதும் ஒருவன் சிரித்தான். ராத்திரி பூரா ஊரே அதிர குறட்டை விட்டுத் தூங்குகிறவருக்குப் பகலில் வேறு தூக்கமா என்றான். இரண்டு மூன்று பேர் சேர்ந்து சிரித்தார்கள்.

எனக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழ்ந்துவிடும். "சிரிக்கிறவுக ஒரு ராத்திரி இவுக பக்கத்துல வந்து படுத்துப் பாருங்க," என்றேன். "மூச்சு நின்னுபோகும். திரும்ப வர்ற வரைக்கும் எண்ணுங்க. எத்தன வரைக்கும் எண்ணுனீகன்னு காலைல வந்து எனக்குச் சொல்லுங்க. நான் ஏழெட்டு வருசமா எண்ணிக்கிட்டிருக்கேன்."

குருசாமி எழுந்து வந்து அவர் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்து முகர்ந்து பார்த்தார். இமையை விரலால் தூக்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். குடித்த கண்ணும் எனக்குத் தெரியும், தூங்காத கண்ணும் எனக்குத் தெரியும், இரண்டையும் வைத்துக்கொண்டு லாரி ஓட்டியிருக்கிறேன், இது தூங்காத கண் என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். மாலை கழுத்திலேயே இருக்கட்டும் என்றார். வண்டிச் சாவியை மட்டும் வாங்கி என் கையில் கொடுத்தார். நாளைக்கே தேனிக்குக் கூட்டிட்டுப் போ ஆத்தா, இது சாமி பாக்குற வேலை இல்ல, டாக்டர் பாக்குற வேலை என்றார்.

தேனியில் அந்தக் காது மூக்குத் தொண்டை டாக்டருக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. எங்கள் ஊர்ப் பக்கத்து ஆஸ்பத்திரி வழக்கப்படி, ஒரு நோயாளியைப் பார்க்கும்போதே அடுத்தவர் உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அன்றைக்கு ஒரு வயதான தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். கதவும் பாதி திறந்திருந்தது. டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார், கழுத்தை டேப் வைத்து அளந்தார். எப்படிப் படுப்பீர்கள் என்று கேட்டார். விரதம் அல்லவா, தரையில் பாய், தலையணை கிடையாது, மல்லாக்கப் படுப்பேன் என்று இவர் பெருமையாகச் சொன்னார். டாக்டர் பேனாவை மூடிவிட்டு, உங்களுக்கு அதைவிட மோசமான படுக்கை கிடையாது என்றார். மல்லாந்து படுத்தால் நாக்கும் சதையும் பின்னால் சரிந்து தொண்டையை அடைக்குமாம். ஒளிந்துகொள்ளப் போன இடத்திலேயே வியாதி வளர்ந்திருக்கிறது. எனக்கு அந்த நாற்காலியில் உட்காரவே முடியவில்லை.

ராத்திரி மூச்சு நிற்பதை நான் சொன்னேன். பகல் தூக்கத்தைச் சொன்னேன். வேறு ஏதாவது பிரச்சினை உண்டா என்று கேட்டார். வேறு ஒன்றும் இல்லை டாக்டர் என்று இவர் முந்திக்கொண்டு எழுந்தே விட்டார்.

நான் எழுந்திருக்கவில்லை.

"இருக்கு டாக்டர். ஏழு வருசமா நாங்க புருசன் பொண்டாட்டியா இல்ல. இவுகளுக்கு முடியல. அத மறைக்கத்தான் வருசம் பூராவும் மாலை போட்டிருக்காக. எனக்கு என் புருசன் வேணும்."

பெஞ்சில் இருந்த கிழவி தலையைக் குனிந்துகொண்டாள். கிழவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பார்க்கட்டும். இவர் காது இரண்டும் சிவந்து, கறுப்பு வேட்டியின் மடிப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டர் மட்டும் சளி இருமலைக் கேட்டதுபோலக் கேட்டுக்கொண்டு சீட்டில் எழுதினார். கதவைச் சாத்தச் சொல்லி, அந்த இருவரையும் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, இவரை மறுபடி உட்காரவைத்தார். "அதுவும் இதோட சேர்ந்ததுதாம்மா," என்றார். "ராத்திரி பூரா மூச்சுக்கு மல்லுக்கட்டுற உடம்புக்கு மத்ததுக்குத் தெம்பு எங்கிட்டு இருக்கும்? ரொம்பப் பேருக்கு இருக்கு. யாரும் சொல்ல மாட்டாக. நீங்க சொன்னீங்க, நல்லது." பிறகு இவரைப் பார்த்து, இது ஆம்பளைத்தனம் குறைந்த விஷயம் இல்லை, காற்று குறைந்த விஷயம் என்றார். தூக்கத்தில் மூச்சு நிற்க நிற்க ரத்தத்தில் பிராணவாயு குறையும், அரை குறையாக விழித்து விழித்து உடம்பில் சுரக்க வேண்டியது சுரக்காது, ஆசையும் போகும், வேகமும் போகும், எரிச்சல்தான் மிஞ்சும் என்று பொறுமையாகச் சொன்னார். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு இரண்டையும் பார்க்கச் சொன்னார், அவையும் இதே வேலையைச் செய்யுமாம். லேகியத்தைப் பற்றியும் நானே சொல்லிவிட்டேன். அதைத் தூக்கி எறியுங்கள் என்றார். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், உனக்கு அதுவும் தெரியுமா என்பதுபோல. டாக்டர், ராத்திரித் தூக்கத்தைச் சோதிக்க மதுரைக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் இவர் என் பக்கத்தில் உட்காரவில்லை. முன்னால் டிரைவருக்குப் பின் சீட்டில் போய் உட்கார்ந்தார். சின்னமனூரில் கூட்டம் இறங்கி, பக்கத்து சீட்டு காலியானபோது எழுந்து வந்தார். ஊரெல்லாம் சொல்லிட்டியே என்றார்.

"ஊருகிட்ட நான் சொல்லல. டாக்டர்கிட்ட சொன்னேன். ஊருக்குச் சொன்னது நீங்கதான், ஏழு வருசமா கழுத்துல தொங்கவிட்டுக்கிட்டு."

அது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் நாற்பத்தெட்டு நாள் கஷாயம் குடித்த வாயிலிருந்து சர்க்கரையா வரும்? பஸ் உத்தமபாளையம் தாண்டியது. ஊர் நிறுத்தம் வருவதற்கு முன்னால், அந்தக் கஷாயத்தை நீ குடிச்சப்ப நான் சொல்லியிருக்கணும் என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். எனக்கு அது போதவில்லை. ஆனாலும் கேட்டுக்கொண்டேன்.

மதுரையில் தலை, நெஞ்சு, கால் என்று ஒயர் ஒயராக ஒட்டித் தூங்கச் சொன்னார்கள். மாலையோடு வந்த சாமியாதலால் அதை மட்டும் கழற்றச் சொல்லாமல் ஒதுக்கி ஒட்டினார்கள். மணிக்கு நாற்பது தடவைக்கு மேல் மூச்சு நிற்கிறது என்று காகிதம் வந்தது. நான் எண்ணியதெல்லாம் பொய் இல்லை என்று அந்தக் காகிதத்தைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை வந்தது. அந்த வருடம் குருசாமி அவரைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து மலைக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தார். தை முடிந்து திராட்சை வெட்டியதும், மதுரையில் எழுதிக் கொடுத்த மெஷினை வாங்கினோம். சின்னப் பெட்டி, அதிலிருந்து ஒரு குழாய், முகத்தில் மாட்ட ஒரு மூடி. ராத்திரி பூரா தொண்டைக்குள் காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும். மகள் அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். அப்பா பிள்ளையார் ஆயிட்டாக என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அவர் அதைக் கழற்றி வைத்துவிட்டு முறைத்துக்கொண்டு படுத்தார். கழற்றுகிறபோதெல்லாம் நான் மாட்டிவிட்டேன். ஒரு வாரம் இந்தக் குஸ்தி நடந்தது.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, காலையில் அடுப்படியில் வந்து நின்றார். "ஏ புள்ள, நான் கனவு கண்டேன்," என்றார். என்ன கனவு என்றேன். மறந்துபோச்சு, ஆனா கண்டேன் என்றார். எத்தனையோ வருடமாக அவருக்குக் கனவே வந்ததில்லையாம். அது எனக்குத் தெரியாது. பக்கத்திலேயே படுத்திருந்து இதெல்லாம் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

மெஷின் வந்த மறுநாளே புது மாப்பிள்ளை ஆகிவிட்டார் என்று எழுதினால் அது பொய். முதலில் பகல் தூக்கம் போனது. அப்புறம் எரிச்சல் போனது. சாயங்காலம் வாய்க்கால் கரை வரைக்கும் நடக்க ஆரம்பித்தார், கழுத்துப் பொத்தான் மாட்டியது. பாத்திரம் கழுவுகிற இடத்தில் வந்து சும்மா நிற்பார், என்ன வேண்டும் என்றால் ஒன்றும் இல்லை என்பார். ஆறேழு மாதம் ஆனது. இடையில் இரண்டு தடவை சரியாக வரவில்லை. ஆனால் இந்தத் தடவை சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். எனக்கு அதுவே பாதி வாழ்வு திரும்பியதுபோல இருந்தது. பாதிதான். மீதியையும் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

அந்த வருடம்தான் பவர் கட் தொடங்கியது. ராத்திரி கரண்டு போனால் மெஷின் நிற்கும், நான் விழித்துவிடுவேன். சத்தத்துக்கு விழித்துக்கொண்டிருந்தவள் சத்தம் இல்லாததற்கு விழிக்கப் பழகினேன். அப்புறம் ஒரு பேட்டரி வைத்தோம். பகல் கட் பத்து மணிக்கு. ஃபேன் நின்றதும் தெரு முழுக்க விசிறி மட்டையோடு வாசலுக்கு வந்துவிடும். யார் வீட்டுக்கு யார் வருகிறார்கள், யார் வீட்டில் என்ன குழம்பு என்று பத்து மணிக்கு மேல் எங்கள் தெருவில் ஒன்றும் மறைவு கிடையாது.

கார்த்திகை ஒன்று பிறந்தது. விடியற்காலையில் ஆற்றில் குளித்து மாலை போடப் போகிறவர்களின் சரணம் கேட்டது. இவர் எழுந்திருக்கவில்லை, முகத்தில் மூடியோடு தூங்கிக்கொண்டிருந்தார். நான் எழுப்பவும் இல்லை, கேட்கவும் இல்லை. துணிப் பெட்டிக்குள் போன வருட மாலை இருந்தது. அவர் எடுத்துக் கழுத்தில் போட்டால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. மறுபடி சாமி என்று கூப்பிட என் நாக்கு வருமா என்று நினைத்துக்கொண்டே இட்லி ஊற்றினேன்.

பத்து மணிக்குக் கரண்டு போனது. தெரு வாசலுக்கு வந்தது. அந்த நேரம் பார்த்துக் குருசாமி வந்தார், கறுப்பு வேட்டியும் புது மாலையுமாக. கையில் இன்னொரு மாலை, இவருக்காக. உடம்பு சரியில்லையோ என்று கேட்டார். இது எட்டாவது வருடம், விட்டுப்போனால் எண்ணிக்கை அறுந்துவிடும் என்றார். அடுத்த தெருவிலிருந்து நாத்தனாரும் வந்து எதிர் வாசலில் நின்றாள், அண்ணனுக்குப் பூ வாங்கி வந்திருந்தாள். இவர் எழுந்து நின்றார். மூடி மாட்டிய தடம் இரண்டு கன்னத்திலும் இன்னும் போகவில்லை. மாலையைக் கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு அதைத் திரும்பவும் குருசாமியின் கையிலேயே வைத்தார்.

"இந்த வருசம் வேணாம் சாமி. ஏழு வருசமும் நான் ஐயப்பனுக்குப் பயந்து போடல, இவளுக்குப் பயந்து போட்டேன். அது அவருக்கும் தெரியும். இந்தக் கார்த்திகை வீட்டுல இருக்கேன்."

தெருவில் விசிறி மட்டைகள் நின்றன. குருசாமி இவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். லாரிக்காரருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியது இல்லை. மாலையை மடித்துத் துண்டில் முடிந்துகொண்டார். சாமி எங்கேயும் ஓடிப்போயிடமாட்டாரு, ஆற அமர வாங்க என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார். நாத்தனார் பூவோடு அங்கேயே நின்றாள். அண்ணன் என்ன சொன்னாக, வீட்டுல இருக்கேன்னா என்ன அர்த்தம் என்று என்னைக் கேட்டாள். மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள்.

எங்கள் தெருவில் பகலில் யாரும் வாசல் கதவைச் சாத்துவது இல்லை. ஊருக்குப் போனால் சாத்துவோம், அவ்வளவுதான். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பது எனக்கும் தெரியும். அவர் உள்ளே போனதும் நானும் போய்க் கதவை இழுத்துச் சாத்தினேன். போட்டே பழக்கமில்லாத மேல் தாழ்ப்பாள் துருவேறி இறுகிக் கிடந்தது. கையால் வரவில்லை. குழவிக்கல்லை எடுத்து வந்து மூன்று அடி அடித்துத்தான் போட்டேன். தெருக் கோடி வரைக்கும் கேட்டிருக்கும்.